மசகெண்ணெயும் மல்லிகையும்

என் தம்பி நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மல்லிகை எடுத்து மதுரைச் சந்தைக்குக் கொண்டு செல்பவன். இரண்டாண்டுகளுக்கு முன் கடன்பட்டு ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கினான். டர்போ பொருத்திய டீசல் வண்டி. முந்தைய உரிமையாளர் எந்த எண்ணெயை எப்போது மாற்றினார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. தொல்காப்பியம் நடத்துகிற நான் வண்டிக் கையேட்டைப் படிக்கப் புகுந்ததற்குக் காரணம், அந்தக் கடனுக்குப் பிணை நின்றவன் நான் என்பதே.

பழைய வண்டிக்குக் கெட்டியான எண்ணெய்தான் நல்லது என்பது பணிமனைகளில் வழங்கும் நம்பிக்கை. தேய்ந்த என்ஜினில் இடைவெளி கூடியிருக்கும் என்பதால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் டர்போவின் கதை வேறு. என்ஜினிலிருந்து வீணாக வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே மிகுதியான காற்றைச் செலுத்தும் கருவி அது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் இதற்குக் காப்புரிமை கோரினார். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அத்தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். படலம் ஒரு கணம் அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தின்னும். ஆகவே, எண்ணெய் கெட்டியாக இருப்பதைவிட விரைவாக அங்கே சென்று சேர்வது முக்கியம்.

எண்ணெய் டப்பாவில் காணும் 15டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரில் அது ஓடும் தன்மையைக் குறிப்பது; டபிள்யூ என்பது குளிர்காலம். இரண்டாம் எண் 100 பாகை செல்சியசில் அதன் பாகுத்தன்மையைச் சுட்டுவது. எங்கள் வண்டியின் கையேடு சொன்னதும் இதுவே. எண்ணைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது தர எழுத்து. எஸ் வரிசை பெட்ரோலுக்கு, சி வரிசை டீசலுக்கு. 2002இல் வந்த சி.ஐ-4, கரி மிகுந்த டீசல் என்ஜின்களை எண்ணி வகுக்கப்பட்டது. கரி வடிகட்டி பொருத்திய பிந்தைய வண்டிகளுக்கோ சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும்.

ஊற்றிய சில நாட்களிலேயே எண்ணெய் கறுத்துவிட்டது என்று தம்பி கலங்கினான். டீசல் வண்டியில் அது இயல்பு. கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் ஏந்திச் செல்வது எண்ணெயின் வேலைகளுள் ஒன்று. நிறத்தைப் பார்த்தல்ல, ஓடிய தொலைவையும் கழிந்த காலத்தையும் பார்த்தே மாற்ற வேண்டும். உடன் ஆயில் ஃபில்டரையும். வரலாறு தெரியாத வண்டிக்கு வாங்கியவுடன் இரண்டையும் மாற்றிவிடுவது நலம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். காற்று வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயில் விரிசல் கூடாது. நுழைகிற தூசியே அச்சக்கரத்தின் இதழ்களை அரிக்கும்.

புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைக் குறிப்பிடுகிறார். மேடு பள்ளம் யாருக்குத் தெரியும் என்ற முன்னெச்சரிக்கை. டர்போவுக்கு அப்படி ஒன்றைக் கட்டிச் செல்ல இயலாது. அதற்கு நாம் தரக்கூடிய காப்பு சிறிது நேரம் மட்டுமே. வண்டியைக் கிளப்பியதும் எண்ணெய் அழுத்த விளக்கு அணையும்வரை விரட்டக் கூடாது. நெடுவழி ஓடி வந்ததும் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டே நிறுத்த வேண்டும். உடனே நிறுத்தினால் கொதிக்கும் தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் கரியாக இறுகி, எண்ணெய் வழியை அடைத்துவிடும்.

மல்லிகைக்கோ பொறுமை கிடையாது. பொழுது ஏற ஏற விலை இறங்கும். "அண்ணே, அங்க ஏலம் ஓடிக்கிட்டிருக்கும், இங்க நான் என்ஜினை ஆறவிட்டு உக்காந்திருக்கேன்" என்று தம்பி இன்றும் அலுத்துக்கொள்கிறான். ஆனாலும் அமர்ந்திருக்கிறான். கடனில் இன்னும் 16 தவணைகள் உள்ளன.