அரைச் சாண்

உயிலங்குளத்து வெயிலிற் கம்பளி நூலைக் கையிலெடுப்பதே ஒரு தவமெனலாம். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் அவ்வயலூரில், தாயொருத்தி கனடாவிலுள்ள தன் மகனுக்காகக் கைகளோடு கூடிய சால்வையொன்றைப் பின்னினாள். கைகள் இருப்பின் சால்வை தோளினின்றும் நழுவாது என்பது அவள் எண்ணம். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தை அடுத்து, இரு தரப்பினரது பகுதிகளுக்கிடையே கடவையாக விளங்கிய அவ்வூரின் வழியாகவே அவன் பதினான்கு வயதிற் சென்றான்.

முறுக்குப் பின்னலின் முறை எளியது. ஆறு கண்களுள் முதல் மூன்றை வேறோர் ஊசியிலேற்றி முன்னே நிறுத்தி, அடுத்த மூன்றைப் பின்னியபின் நிறுத்தியவற்றைப் பின்னினால், அவை கயிற்றுப் புரிகள்போல ஒன்றையொன்று தழுவும். அதனால் அகலம் சுருங்கும். சுருங்குமளவு கண்களைத் தொடக்கத்திலேயே கூட்டிக்கொள்ளலாம். வெறுஞ் சால்வையின் நீளத்திற்கு அளவு வேண்டியதில்லை. அதன் இரு முனைகளையும் குழல்போல் மூட்டிக் கைகளாக்கும்போதோ, ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டு வரை அளவு வேண்டும்.

அவளிடமிருந்தது அவன் விட்டுச்சென்ற பள்ளிச் சட்டை ஒன்றே. அதனைக் கொண்டு கணித்துப் பின்னி முடித்தாள். பின்னர் ஐயுற்று, தொலைபேசியில் அவனது உயரத்தை வினவினாள். விரித்த கைகளின் நீளம் ஏறக்குறைய உயரத்தை ஒக்குமன்றோ? விடை கேட்டுச் சிறிதுநேரம் வாளாவிருந்தாள்.

மூட்டிய முனைகளைப் பிரித்தாள். கண்களை மீண்டும் ஊசியிலேற்றினாள். இருபுறமும் அரைச் சாண் வீதம் கூட்டினாள். அவள் காணாது அவன் வளர்ந்த வளர்ச்சியை அவளது விரல்கள் அவ்வாறே அறிந்துகொண்டன.