மரியோத்தும் பாயிலும்

எங்கள் எதிர்வீட்டுப் பெண் போன வருடம் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் அறிவியல் எழுத்துத் தாளில் 75-க்கு 17 வாங்கியிருந்தாள். செய்முறைக்கு 25 மார்க் தனி. அதை எப்படியும் வாங்கிவிடலாம். ஆனால் எழுத்துத் தாளில் 20 எடுக்காவிட்டால் மற்றது எவ்வளவு இருந்தும் பயனில்லை. அவள் அம்மா விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஒரு நாள் என்னிடம் வந்து, "அய்யா, நீங்க கவர்மெண்டுல இருந்தவுக. இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க. பெயிலாயிட்டா எங்கூட ஜீப்புல ஏறவேண்டியதுதான்" என்றார். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார்.

நான் கவர்மெண்டில் இருந்தது உண்மை. குமாஸ்தாவாகக் கோப்புகளோடு இருந்தேன். அறிவியலோடு எனக்கு இருந்த உறவு வேறு மாதிரியானது.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் புதுச்சேரிக்காரன். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அப்பா என்னை அங்கேதான் போட்டார். சிலமலைக்கு நான் வந்தது மனைவியின் ஊர் என்பதால், ஓய்வு பெற்ற பிறகு. ஆக, அந்தப் பெண்ணின் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தபோது எனக்கே பாதி வார்த்தை புரியவில்லை. பருமன், எதிர்த்தகவு, விலகல் எண் என்று ஒவ்வொன்றையும் மனதுக்குள் பிரெஞ்சில் மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் நாளே தகராறு. "மாறாத வெப்பநிலையில் வாயுவை அழுத்தினால் பருமன் குறையும். இது மரியோத் விதி" என்றேன். அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். "இல்ல தாத்தா, பாயில் விதி." பரவாயில்லை என்று ஒளியியலுக்குப் போனோம். ஒளிவிலகலுக்கு நான் தெக்கார்த் விதி என்றேன். புத்தகத்தில் ஸ்நெல் விதி. அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அன்றே பாதி போய்விட்டது. இந்தத் தாத்தாவிடம் படித்தால் 17-ம் வராது என்று நினைத்திருப்பாள்.

இரண்டும் தவறில்லை. இங்கிலாந்தில் பாயில் அந்த விதியை 1662-இல் வெளியிட்டார். பிரான்சில் மரியோத் 1676-இல் எழுதினார். அவரவர் நாட்டுப் பள்ளியில் அவரவர் ஆள். வேடிக்கை என்னவென்றால், சார்லஸ் பிரெஞ்சுக்காரர். ஆனால் சூடேறினால் வாயுவின் பருமன் கூடும் என்ற விதியை எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் கே-லுசாக் விதி என்றே படித்தோம். தமிழ்ப் புத்தகத்தில்தான் அது சார்லஸ் பேரில் இருக்கிறது. குறியீடுகளில் மட்டும் எங்கள் பாடு சுலபம். இரும்புக்கு ஏன் 'எஃப்-ஈ' என்று இந்தப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். பிரெஞ்சில் இரும்பே 'ஃபேர்'தான்.

இந்த மரியோத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. பதினைந்து வயதில் வாய்மொழித் தேர்வு. விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் போகப் போக ஏன் கடினமாகிறது?" என்றார். தினமும் சைக்கிளுக்குக் காற்றடிப்பவன் நான். விதி ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம். இரண்டும் ஒன்றென்று தோன்றவே இல்லை. வாயைத் திறக்காமல் நின்றேன். 20-க்கு 4. மற்ற பாடங்களும் சுமார்தான் என்பதால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்காரவேண்டி வந்தது. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அதனால் இவளிடம் கைடை மூடி வைக்கச் சொன்னேன். ஒரு மார்க் கேள்விகளையும் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளையும் அவளாகவே உருப்போடுவாள், அதற்கு நான் வேண்டாம். "போடிமெட்டு ஏறியிருக்கியா தாயி?" என்றேன். லீவு நாளில் அம்மாவோடு காய் எடுக்கப் போயிருக்கிறாள். "காது அடைக்குமா?" "அடைக்கும். சிப்ஸ் பாக்கெட்டுகூட உப்பிக்கும் தாத்தா." அதுதான் பாயில் என்றேன். முந்தலில் ஆரம்பித்துப் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது என்று விளக்கினேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள். "மேல குளிருமே தாத்தா. வெப்பநிலை மாறாம இருந்தாத்தானே பாயில்? குளிர்ந்தா சார்லஸ் விதிப்படி சுருங்கணுமே?"

75-க்கு 17 வாங்கிய பெண் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு ராத்திரி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறுகிறோம். அழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். அதனால் நூற்றுக்குப் பத்து, பதினொன்று விரிய வேண்டும். குளிர் ஆறேழு டிகிரி. கெல்வினில் 300-க்கு ஆறேழு என்றால் நூற்றுக்கு இரண்டுதான் சுருக்கம். பாயில் ஜெயிக்கிறார். மறுநாள் அந்தக் கணக்கை அவளையே போடச் சொன்னேன். இரண்டு தடவை தப்பாகப் போட்டு, மூன்றாவது தடவை சரியாகப் போட்டாள்.

அப்போதுதான் பாட்டில் யோசனை வந்தது. அவள் அம்மாவிடம் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "மெட்டுல மூடியத் திறந்து வச்சிட்டு, இறங்கும்போது இறுக்கி மூடிக் கொண்டாம்மா" என்றேன். வயசாகிவிட்டது இந்த ஆளுக்கு என்பது போல் பார்த்தார். ஆனாலும் கொண்டுவந்தார். இரவு எட்டு மணிக்கு, முந்தானையில் ஏல வாசனையோடு, பாட்டிலை என் மேசைமேல் வைத்தார். இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், யாரோ கையால் அமுக்கியது மாதிரி இருந்தது. பெண் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய்ப் பாட்டில் நிமிர்ந்தது.

ஏன் என்று அம்மாவுக்கு மகள்தான் விளக்கினாள். முதலில் அவர்கள் பேசும் பேச்சில், பிறகு அதையே புத்தக வார்த்தையில். பரீட்சைக்குப் புத்தக வார்த்தைதானே வேண்டும்? அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "அதனாலதான் இத்தன வருசமா எனக்குக் காது குத்துதா?" என்று கேட்டார்.

பங்குனி வரை மாலைகளில் படித்தோம். கார்பன் சேர்மங்களில் எனக்கே பொறுமை போய்விட்டது, அதை அவள் தோழியிடம் கேட்டுக்கொண்டாள். பரீட்சை முடிந்து வந்தவள், ஒரு கேள்விக்கு முதலில் மரியோத் என்று எழுதிவிட்டு அடித்து பாயில் என்று எழுதினேன் என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மே மாதம் முடிவு வந்தது. எழுத்துத் தாளில் 43.

இப்போது போடியில் பதினொன்றாம் வகுப்பு. அறிவியல் பிரிவு கிடைக்கவில்லை, வணிகவியல்தான். அவள் அம்மா இன்னமும் விடிகாலை ஜீப்பில் போகிறார். போன வாரம் கேட்காமலேயே இன்னொரு பாட்டில் கொண்டுவந்து வைத்தார். "இன்னிக்கு மேல மழை அய்யா, ரொம்பக் குளிரு. இன்னும் சாஸ்தியா ஒடுங்குதான்னு பாத்தேன்" என்றார்.