ஸ்போல்டிங் ஐயரும் அம்மாவும்

எனது மூத்த அண்ணர் யாழ்ப்பாணத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவர். ஓய்வுபெற்றபின் அண்ணியுடன் கனடா சென்று, ஸ்காபரோவில் மகனின் வீட்டில் வசிக்கிறார். ஆங்கிலப் பத்திரிகையை ஒரு வரி விடாது வாசிப்பார். பஸ் சாரதி கேட்பது மட்டும் அவருக்கு விளங்குவதில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார்: "வகுப்புக்குப் போறன் தம்பி. கடையில சாமான் வாங்கிறன், டொக்டரோட கதைக்கிறன். ஆனா ஒரு பகிடி விட ஏலாமல் கிடக்கு. பகிடி விடத் தெரியாத மனுசனை ஆர் மதிப்பினம்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன். அன்றிரவு என் நினைவில் வந்தவர்கள், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்த்திசையில் பயணஞ்செய்து வந்த ஒரு தம்பதியர்.

லெவி ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங் இருவரும் பனி பொழியும் நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்தவர்கள். 1819 இல் பொஸ்டனில் கப்பலேறி, கல்கத்தா வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார் குழுவில் இருந்தனர். யாழ்ப்பாணத்தவர் அவரை ஸ்போல்டிங் ஐயர் என்றே அழைத்தனர். (ஒருமுறை இப்பெயரை எனது கட்டுரையொன்றிற் கண்ட இளம் உதவி ஆசிரியர், "அமெரிக்காவிலும் பிராமணர் இருந்தார்களா?" என்று கேட்டார். மிஷனரிமாரை ஐயர் என்று அழைப்பது நம்மவர் வழக்கம் என விளக்கவேண்டியதாயிற்று.)

வந்த காலம் நல்ல காலமன்று. 1820 இல் ஆங்கிலேய அரசு, மேலும் அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. அத்தடை 1833 வரை நீடித்தது. இருந்தவர்கள் இருந்தவர்களே. நோயுற்றாலும் இறந்தாலும் அவ்விடத்தை நிரப்ப ஆளில்லை. ஊரிலிருந்து வரும் ஒரு கடிதத்துக்கே மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833 இல் அங்கேயே மறைந்தார். மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் பணியாற்றிய ஸ்போல்டிங் தம்பதியர் அவ்வாண்டு உடுவிலுக்கு மாறி, அப்பாடசாலையையும் பொறுப்பேற்றனர்.

அவர்கள் தமிழ் கற்ற விதத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஐயர் கற்றது பண்டிதர்களிடம். அது ஏட்டுத் தமிழ். அம்மாவோ நாள் முழுவதும் சிறுமிகளோடு வாழ்ந்தவர். கிணற்றடியிலும் அடுக்களையிலும் காதில் விழுவது "வாங்கோ, இருங்கோ" என்னும் தமிழ். வீட்டுக்குள் இவர்கள் இருவரின் தமிழும் ஒன்றாக இருந்திருக்க முடியாது என்பதே என் ஊகம். லகர ளகர ழகரங்களில் இருவரும் ஒருமித்து இடறியிருப்பர். எங்களிற் பலரே இன்றும் இடறுகிறோம்.

ஐயரின் ஏட்டுத் தமிழ் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குச் சான்று உண்டு. 1842 இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, மானிப்பாய் அகராதி என்றும் வழங்குவது, தமிழுக்குத் தமிழிலேயே பொருள் கூறும் அகராதி. சொற்கள் ஏறத்தாழ 58,500. நைற் ஐயர் தொடங்கி, அவர் இறந்தபின் ஸ்போல்டிங் பொறுப்பேற்று முடித்தார். சொற்களைத் திரட்டியதில் பெரும்பங்கு உடுவில் சந்திரசேகர பண்டிதருடையது. இதை அழுத்திச் சொல்லவேண்டும். புகழ் பங்கிடப்படும்போது பண்டிதரின் பெயர் பல தடவை விடுபட்டுப்போகிறது.

இவர்களைப் போற்றுவது மட்டும் என் நோக்கமன்று. எங்கள் மொழியை இத்துணை சிரத்தையோடு கற்ற அந்த மிஷன், தன் விடுதிகளிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை இட்டது. சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். எங்கள் சொற்களைத் தேடித் தொகுத்தவர்களுக்கு எங்கள் பெயர்கள் போதவில்லை. மதம் மாற்றவே வந்தவர்கள் என்பதை அவர்களும் மறைத்தவர்களல்லர். அதற்கு எதிராக எழுந்த ஆறுமுகநாவலரின் குரலும் நியாயமானதே.

ஆயினும் ஒன்று. ஸ்போல்டிங் ஐயர் 1873 இல் உடுவிலிலேயே காலமானார். அம்மா அடுத்த ஆண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடாநாட்டில், அந்நிய மொழியில் முதுமை கண்ட தம்பதியர். அத்தனை ஆண்டுகளில் அவர்கள் தமிழிற் பகிடி விட்டார்களா? பிள்ளைகள் சிரித்தார்களா? நான் அறிய விரும்புவது அதுவே. மிஷன் அறிக்கைகள் எழுதப்பட்டது அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்புவோருக்காக. அவற்றிற் பகிடிக்கு ஏது இடம்?

மறுவாரம் இதையெல்லாம் அண்ணருக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவை இருபத்தெட்டு வயசில வந்தவை, தம்பி. எனக்கு இப்ப அறுபத்தெட்டு. சந்திரசேகர பண்டிதரும் இஞ்ச இல்லை."

"அண்ணி எப்படிச் சமாளிக்கிறா?" என்றேன்.

"அவவோ? அடுத்த வீட்டில ஒரு பிலிப்பைன்ஸ் மனுசி. பின்னேரம் ரெண்டு பேரும் வாசலில நிண்டு கதைச்சுக் கதைச்சுச் சிரிக்கினம். என்ன பாசையெண்டு எனக்கு விளங்கேல்லை. கேட்டால், அதுக்கும் சிரிக்கினம்."