பளபளப்பு முதலில், பலம் பின்னால்! ஒரு படகு டேஷ்போர்டு பிறக்கும் விதம்

கொல்லிமலை வாசலூர்பட்டி படகு இல்லத்தில் மிதி படகில் ஏறியவர்களுக்குத் தெரியும். அதில் ஓட்டுபவருக்கென்று பெரிதாக எதுவும் இருக்காது. காலுக்குப் பெடல், கைக்குத் திருப்பும் பிடி, அவ்வளவுதான். மீட்டர் கிடையாது, சாவி கிடையாது. குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்துவிடலாம்.

படகில் இன்ஜின் ஏறிவிட்டால் கதையே வேறு. முட்டுக்காடு போன்ற இடங்களில் சீறிப் பாயும் ஸ்பீடு போட்டைக் கவனித்தால், ஓட்டுபவர் முன்னால் ஒரு முகம் இருக்கும். ஸ்டீயரிங், வேகம் காட்டும் மீட்டர், எரிபொருள் முள், விளக்கு ஸ்விட்சுகள் எல்லாம் அந்த ஒரே பலகையில். அதுதான் டேஷ்போர்டு. காரில் இருப்பதுபோலத்தான். ஆனால், இது வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடக்க வேண்டும். ஒவ்வோர் அலைக்கும் தூக்கிப் போடப்படும்போது விரிசல் விடாமல் தாங்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் இதை ஃபைபர் கிளாஸில் செய்கிறார்கள்.

இதற்கான கைப்பக்குவத்தைத் தேடிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கொல்லிமலைக்குக் கீழே இருக்கிறது நாமக்கல். லாரிக்கு பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன ஊர். பக்கத்தில் கரூர், பஸ் பாடி கட்டுவதில் பெயர் எடுத்தது. திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டிகள். பஸ்ஸின் முன்முகமோ, டிரைவர் முன்னால் இருக்கும் டேஷ்போர்டோ, படகின் டேஷ்போர்டோ... ஃபைபர் கிளாஸில் அச்சு எடுக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மலையிலிருந்து இறங்கும் ஓர் இளைஞன்

கொல்லிமலைக் கிராமம் ஒன்றிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, அடிவாரத்துப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேரும் இளைஞன் ஒருவனை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது பத்தொன்பது. வீட்டில் மிளகுக்கொடியும் பலாமரமும் உண்டு. ஆனால், வருடம் முழுவதும் கையில் காசு புரள அது போதாது. ஒருநாள் பட்டறைக்கு வழக்கத்துக்கு மாறாக ஒரு வேலை வருகிறது. மோட்டார் படகு ஒன்றுக்கு அளவெடுத்து டேஷ்போர்டு செய்ய வேண்டும்.

கடையில் ரெடிமேடாக வாங்கிப் பொருத்த முடியாதா? படகுக்குப் படகு முன்பக்க அகலம் மாறும், சரிவு மாறும். ஓட்டுபவர் நின்றுகொண்டு ஓட்டுகிறாரா, உட்கார்ந்து ஓட்டுகிறாரா என்பதைப் பொறுத்து உயரம் மாறும். அதனால்தான் தைத்துப் போடும் சட்டை மாதிரி அளவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு மாதிரி உருவம். பிளைவுட், எம்.டி.எஃப் பலகை ஆகியவற்றை வெட்டி ஒட்டி, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, நாளை படகில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே செய்து பார்ப்பது. சுலபமாக வெட்டலாமே என்று புதிதாக வருபவர்கள் தெர்மோகோலை எடுப்பார்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். மேலே வேறு ஏதாவது பூச்சு கொடுத்து மூடாமல் அதைத் தொடவே கூடாது.

அடுத்தது சரிவு. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அச்சு வெல்லத்தைப் பார்த்தாலே போதும். அச்சுக் குழியின் வாய் அகலம், அடி குறுகல். அதனால்தான் தட்டியதும் வெல்லம் உடையாமல் விழுகிறது. டேஷ்போர்டின் பக்கச் சுவர்களுக்கும் அதே சரிவு வேண்டும். நேர்க்குத்தாக விட்டால் அச்சுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். அதேபோல மூலைகள் கத்திமுனையாக இருக்கக் கூடாது. கண்ணாடி இழை அவ்வளவு கூர்மையான இடத்தில் மடங்கி உட்காராது. அடியில் காற்று தங்கும். பிறகு அந்த இடம்தான் முதலில் உடையும்.

இந்த மாதிரியின் மேல் மெழுகு தடவி, ஃபைபர் கிளாஸ் போட்டு எடுத்தால் கிடைப்பது மோல்டு, அதாவது அச்சு. அச்சின் உட்புறம் எவ்வளவு வழவழப்போ, அவ்வளவுதான் டேஷ்போர்டின் முகமும் வழவழப்பாக இருக்கும். அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டேஷ்போர்டிலும் அதே கீறல் இருக்கும்.

தலைகீழாக நடக்கும் வேலை

வீடு கட்டினால் சுவர் எழுப்பி, பூசி, கடைசியில்தான் வண்ணம். மரவேலையிலும் பாலிஷ் கடைசியில்தான். ஃபைபர் கிளாஸில் எல்லாம் தலைகீழ். கடைசியில் கண்ணுக்குத் தெரியப்போகிற பளபளப்பைத்தான் முதலில் பூச வேண்டும்.

அச்சுக்குள் மெழுகு பல முறை தேய்த்த பிறகு ஜெல்கோட் என்ற வண்ணப் பூச்சு. கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். விரலால் தொட்டால் ஒட்டுவதுபோல இருக்க வேண்டும், ஆனால் விரலில் நிறம் வரக் கூடாது. அந்தப் பதத்தில்தான் அடுத்த அடுக்கு. பாகு பதம் பார்ப்பதைப்போலத்தான் இதுவும்.

அதன் மேல் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பு. முதலில் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மெல்லிய மேட், பிறகு 450 கிராம் மேட் அடுக்கடுக்காக. ஒரு கிலோ மேட்டுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ வரை ரெசின் ஊறும். பிரஷ்ஷால் நனைத்து, ரோலரால் உருட்டி உருட்டி உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் வெளியேற்ற வேண்டும். ஸ்டீயரிங் வரும் இடத்தில் இழைகளுக்கு நடுவே பிளைவுட் துண்டு ஒன்றைப் புதைத்துவிட வேண்டும். அலையில் தடுமாறும் ஓட்டுநர் தன் முழு எடையையும் ஸ்டீயரிங்கில்தான் போடுவார். அந்த இழுப்பை வெறும் ஃபைபர் தகடு தாங்காது.

ரெசின் தானாக இறுகாது. ஹார்டனர் கலக்க வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்குப் பொதுவாக 10 முதல் 20 கிராம்தான். கலந்த பிறகு கால் மணி, இருபது நிமிடத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் அடிவாரத்தில் அளவைக் குறைக்காவிட்டால் மக்கிலேயே இறுகிப் புகைய ஆரம்பித்துவிடும். இதே வேலையை மார்கழிக் குளிரில் கொல்லிமலை மேலே செய்தால், அதே அளவில் பிசுபிசுவென்று இறுகாமல் நிற்கும். அளவு புத்தகத்தில் இருந்தாலும் பக்குவம் ஊரின் வெயிலைப் பார்த்துத்தான்.

ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். வெல்லத்தை மறுபடி உருக்கலாம், வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? பாலியெஸ்டர் ரெசின் இட்லி ஜாதி. தப்பாகப் போன டேஷ்போர்டை உருக்கி மறுபடி வார்க்க வழியில்லை.

கண்ணாடி இழை வந்த வழி

கண்ணாடி இழை 1930-களில் அமெரிக்காவில் தொழிற்சாலைப் பொருளானது. 1942-ல் டோலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்துச் சிறு படகு ஒன்றைச் செய்தார். 1953-ல் செவர்லே நிறுவனத்தின் கார்வெட் கார் ஃபைபர் கிளாஸ் உடலோடு வந்தது. முதல் வருடம் 300 கார்கள், எல்லாம் கையால் செய்தவை.

தமிழகக் கடற்கரையில் இந்தப் பொருளை வீட்டுக்கு வீடு பேச வைத்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. கட்டுமரங்களை இழந்தவர்களுக்கு உதவியாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் செய்யப்பட்ட படகுகளில் தரமில்லாதவையும் இருந்தன. வெளியே பெயின்ட் பளபளத்ததால் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஃபைபரில் குறை எப்போதும் பளபளப்புக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

சிரிக்கும் பாவை

கொல்லிமலைக்கு ஒரு பழைய கதை உண்டு. தெய்வம் செய்த பாவை ஒன்று இந்த மலையில் இருக்கிறது என்பார்கள். நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களிலேயே கொல்லிப்பாவை வருகிறது. பார்க்க அவ்வளவு அழகு. அதன் சிரிப்பில் மயங்கி நெருங்கியவர்கள் உயிரோடு திரும்புவதில்லை என்பது கதை.

பாட்டியிடம் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த இளைஞன், பட்டறையில் இன்னொரு பாவையின் முன் நிற்கிறான். ரெசினின் அந்த நெடி ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளுடையது. 2018-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2ஏ பிரிவில் ஸ்டைரீனைச் சேர்த்தது. ஹார்டனர் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரெசின் இறுக உதவும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இறுகிய டேஷ்போர்டை வெட்டித் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசி வேறு. கழுத்திலும் முழங்கையிலும் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பெருமளவு அடங்கும்.

"கர்ச்சீப்பைக் கட்டிக்கோ கண்ணு, போதும்" என்று சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. அவர்களும் அப்படியேதான் கற்றுக்கொண்டு வந்தவர்கள். ஆனால், கைக்குட்டை தூசியையே முழுதாகத் தடுக்காது, ஸ்டைரீன் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. கரிம ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகமூடி, கண்ணாடி, கையுறை, காற்று புகுந்து வெளியேறும் கொட்டகை. இந்த நான்கும் இருந்தால் அவன் நாற்பது வயதிலும் மூச்சு வாங்காமல் மலையேறலாம். வாடிக்கையாளர் கேட்கும் கொட்டேஷனில் ரெசின் விலை இருக்கும், மேட் விலை இருக்கும், கூலி இருக்கும். முகமூடிக்கென்று ஒரு வரி இருந்து பார்த்திருக்கிறீர்களா?

பின்பக்கத்தைப் பாருங்கள்

மூன்றாம் நாள் டேஷ்போர்டு அச்சிலிருந்து கழன்று வருகிறது. மீட்டர்களுக்கு ஓட்டை போட வேண்டும். படகு மீட்டர்களில் 52 மில்லிமீட்டர், 85 மில்லிமீட்டர் அளவுகள்தான் அதிகம். வெட்டிய விளிம்புகளை அப்படியே விட்டால் தண்ணீர் இழை வழியாக உள்ளே ஏறும். ரெசின் தடவி மூட வேண்டும். திசைகாட்டி வைப்பதாக இருந்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும். மேற்பரப்பு மட்டும் பளபளக்காமல் மங்கலாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் உச்சி வெயில் பட்டுத் தெறித்து ஓட்டுபவரின் கண் கூசும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டிய கில் ஸ்விட்ச். அதோடு இணைந்த கயிற்றை ஓட்டுபவர் தன் உடம்பில் மாட்டிக்கொள்வார். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு உருவப்பட்டு இன்ஜின் நின்றுவிடும். அந்தச் சின்ன ஸ்விட்ச் இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வந்து ஏறக்கூடும். டேஷ்போர்டை வரையும்போதே அதற்கான இடத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

படகு வாங்குபவரானாலும் சரி, வேனுக்கு ஃபைபர் வேலை கொடுப்பவரானாலும் சரி, வாங்கும் முன் ஒரு காரியம் செய்யலாம். முன்பக்கத்தைப் பார்த்து அசந்துபோகாமல், பொருளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகக் காய்ந்து நிற்கும் இழை இருந்தால் அங்கே ரெசின் ஊறவில்லை. தட்டிப் பார்த்து ஓர் இடத்தில் மட்டும் பொக்கென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பிறகு, வேலை நடக்கும் கொட்டகைக்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் முகத்தில் சரியான முகமூடி இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால், "இதுக்கு எவ்வளவுங்க ஆகும், நானே சேர்த்துக் குடுத்துடுறேன்" என்று கேட்டுப் பாருங்கள்.