குடித்தனம் மாறிய கதை

வீடு மாற்றிய அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? உண்டென்றால் நான் சொல்லப் போகும் கஷ்டம் பாதி புரிந்துவிடும். ஊறுகாய் ஜாடி கவிழாமல், சுவாமி படங்களின் கண்ணாடி நொறுங்காமல் புது வீடு போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஆனால் நான் மாற்றிய வீட்டுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. அது எந்த தேசத்தில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது!

எங்கள் ஊர் அனந்தபுரம். செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. என் அத்தை, அதாவது மாமியார், பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதித்தவரல்ல. ஆனால் சமையல் பக்குவம், கைவைத்தியம், தாலாட்டு, விடுகதை என்று அவரிடம் ஒரு களஞ்சியமே இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி வைத்தேன். 2009-ல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகன், "அம்மா, இதையெல்லாம் ஒரு வலைத்தளத்தில் போடலாமே!" என்று ஆரம்பித்து வைத்தான்.

அவ்வளவுதான். மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் பெண்கள் எழுத ஆரம்பித்தார்கள். "மாமி, குழம்பு ஏன் கசக்கிறது?" "பாட்டி, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லையே?" ஒவ்வொரு கடிதத்தையும் நான் படித்துக் காட்டுவேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றுகொண்டே பதில் சொல்வார். அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல், தட்டச்சு செய்வேன்.

2019-ல் அத்தை காலமானார். குறிப்புகள் என் நோட்டில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பதில்கள் எங்கே இருந்தன? அந்தத் தளத்தில் மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சென்ற வருஷம், தளத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி வாடகையை மூன்று மடங்கு ஆக்கிவிட்டது. மாசக் கடைசிக்குள் கட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்று கடிதம் வந்தது. "வேறு வீடு பார்த்துவிடு" என்றார் இவர், என்னவோ தெருமுனையில் வீடு காலியாக இருப்பது போல.

வலைத்தளம் என்பது இரண்டு சமாசாரம். படங்கள் முதலான கோப்புகள் ஒன்று. பரணில் இருக்கும் பெட்டிகள் மாதிரி, அப்படியே தூக்கி வைத்துவிடலாம். மற்றொன்று டேட்டாபேஸ். எந்தக் கடிதம் எந்தக் குறிப்பின் கீழ் வந்தது, யார் எழுதியது, என்றைக்கு, அதற்கு என்ன பதில் என்று ஒன்றோடொன்று நூலால் கோத்து வைத்தது அது. நூல் அறுந்தால் பதில் இருக்கும். கேள்வி எது என்பது போய்விடும். எங்களுடையது பத்து வருஷத்துக்கு மேல் வளர்ந்து ஒரு ஜிகாபைட்டைத் தாண்டியிருந்தது.

புது இடத்தின் வாசலோ சின்னது. ஐம்பது மெகாபைட்டுக்கு மேல் ஒரே மூட்டையாக நுழைய விடாது. துண்டு துண்டாக்கி ஏற்றினேன். அதிலும் ஒரு தந்திரம் பாருங்கள்: குறிப்பிட்ட நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் இயந்திரம் பாதியில் நிறுத்திவிடும். நிறுத்தியதைச் சத்தம் போட்டுச் சொல்லவும் சொல்லாது. நல்ல வேளையாகப் பழைய இடத்தில் எத்தனை கடிதங்கள் என்று முன்பே எண்ணிக் குறித்து வைத்திருந்தேன். புது இடத்தில் பாதிகூட வரவில்லை!

பழைய கம்பெனிக்கு எழுதினேன். "உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று உடனே பதில் வந்தது. அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தவர் ஆதியிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுநாள் வந்தவர் வேறொருவர். அவருக்கும் ஆதியிலிருந்து சொன்னேன். மூன்றாமவர், பிரவுசரின் பழைய நினைவுகளைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். கால் முறிந்தவனிடம் வெந்நீர் குடிக்கச் சொல்வது மாதிரி!

1689-ல் மராட்டிய மன்னர் ராஜாராம், தம் ராஜ்யத்தின் தலைமையிடத்தையே பெயர்த்துக்கொண்டு எங்கள் செஞ்சிக்கு வந்தார். பின்னாலேயே மொகலாயப் படை வந்து முற்றுகையிட்டது. 1698 வரை அவர்களால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. என் முற்றுகை பதினொரு நாள்தான் நடந்தது. ஆனால் அவர் பட்ட பாடு எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வழியாக எல்லாத் துண்டுகளும் போய்ச் சேர்ந்தன. எண்ணிக்கையும் சரியாக இருந்தது. ஆசையோடு தளத்தைத் திறந்தேன். ஐயோ! ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. தலையில் கோடு போட்ட இங்கிலீஷ் 'ஏ'யும், வட்டத்துக்குள் அடைத்த 'ஆர்' முத்திரையும் பக்கம் பக்கமாக நின்றன. அத்தையின் பதில்கள் முழுவதும் அப்படித்தான். காலி செய்ய மூன்று நாளே பாக்கி. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

பதினொரு மணிக்குப் புதுக் கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். வந்தவர் தமிழ் தெரியாத ஒரு பிள்ளை. அவர் கதை கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பழைய தளத்தில் இப்போதும் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா?"

தெரிகின்றன என்றேன்.

"அப்படியானால் ஒன்றும் தொலைந்து போகவில்லை, அம்மா. அங்கே எதையும் தொட வேண்டாம்."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் 'அ' என்ற ஓர் எழுத்தை யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கிறார்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், 2018-ல் 8-ஆம் பதிப்பு வரும் வரை, நாமாக வேறு சொல்லாவிட்டால் 'லத்தீன்' என்றே சீட்டு ஒட்டி வைக்கும். டப்பாவுக்குள் இருப்பது துவரம்பருப்பு. மேலே ஒட்டியிருப்பது காப்பிப் பொடி என்ற சீட்டு. பழைய வீட்டில் சீட்டைப் பார்க்காமலே எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்தோம். ஏற்றுமதியின்போது இயந்திரம் சீட்டை நம்பி, மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக மொழிபெயர்த்துவிட்டது.

அந்தப் பிள்ளை பழைய இடத்திலிருந்து எதையும் மொழிபெயர்க்காமல் மறுபடி நகல் எடுத்தார். அந்த நகலில் சீட்டை மட்டும் சரியாக மாற்றி ஏற்றினார். "எனக்குப் படிக்கத் தெரியாது. சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

கை நடுங்கத் திறந்தேன். வத்தக்குழம்பு கசக்கிறது என்று ஜொகூரிலிருந்து ஒரு பெண் எழுதியதும், அதற்கு அத்தையின் பதிலும் கண்ணில் பட்டன: "வெந்தயத்தைக் கருக விட்டிருப்பே கண்ணு. அதைக் கொட்டிட்டு மறுபடி தாளி. புளி நல்லாத்தான் இருக்கும்."

"சரியாக இருக்கிறது" என்று தட்டச்சு செய்ய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இப்படித் தப்பிப் பிழைக்காதவர்களும் உண்டு. மைஸ்பேஸ் என்ற பெரிய அமெரிக்கத் தளம், சர்வர் மாற்றும்போது, 2015 வரை ஜனங்கள் ஏற்றி வைத்த பாட்டுகளை இழந்துவிட்டது. 2019-ல் அதை ஒப்புக்கொண்டார்கள். மாறாக, 1998 பொங்கலன்று ஆரம்பித்த மதுரைத் திட்டத்தாரைப் பாருங்கள். பழைய தமிழ் நூல்களை முன்பு டிஸ்கி என்ற எழுத்து முறையில் தந்தவர்கள், பிறகு யூனிகோடுக்கு மாற்றி இன்றும் இலவசமாகத் தருகிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் சமையல் குறிப்போ, வியாபாரக் கணக்கோ எதுவானாலும், புது வீட்டில் அடுப்பு எரிகிற வரை பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். புறப்படுமுன் எண்ணுங்கள், சேர்ந்த பின்னும் எண்ணுங்கள், எண்ணிக்கை சரியானாலும் திறந்து படித்துப் பாருங்கள். விலாசம் மாறியது உலகமெங்கும் தெரிய ஓரிரண்டு நாள் ஆகலாம். அதுவரை கடிதப் பெட்டியைப் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் சில கடிதங்கள் பழைய வீட்டிலேயே விழுந்துவிடும். உதவிக்கு வருகிறவருக்குத் தற்காலிகச் சங்கேதச் சொல்லைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். எப்போதும் ஒரு நகல் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். என் நகல், அத்தையின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருக்கிறது.

எல்லாம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது இவர் கேட்டார்: "பழைய இடத்தில் முன்பணம் மீதி இருந்ததே, திரும்பி வந்ததா?"

எழுதிக் கேட்டிருக்கிறேன். என் கேள்வி அவர்களுக்கு மிகவும் முக்கியமாம்.