எதிர்மாடி வாளி

மேற்கு மாம்பலத்தில் தெருக்கள் குறுகல். கை நீட்டினால் எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டியைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். அந்த மாடிக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பொங்கல் கழிந்த வாரம் தள்ளுவண்டியில் ஒரு ரோஜாச்செடி வாங்கினார். நாலு பூ, மூணு மொட்டு. வண்டியில் வரும் ரோஜா எப்போதும் அப்படித்தான் மயக்கும். நீல பிளாஸ்டிக் வாளியில் மண்ணைக் கொட்டி நட்டார். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. மூன்றாம் வாரம் கீழ் இலைகள் பழுத்தன. மத்தியானமும் ஒரு சொம்பு ஊற்றத் தொடங்கினார். அத்தனை ஊற்றியும் வாளியைச் சுற்றித் தரை நனையவேயில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேனே தவிர, வாய் வரவில்லை.

மாசியில் ரோஜா வெறும் குச்சி. துணி உலர்த்த வந்த வேலைக்கார அம்மாள் வாளியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்தினார்.

"அடியில ஓட்டை போடலியா சார்?"

"போட்டா தண்ணியெல்லாம் போயிடுமேம்மா."

"போகத்தான் சார் வேணும்."

மறுநாள் அந்த அம்மாள் முந்தானையில் டேபிள் ரோஸ் தண்டுகளை முடிந்து கொண்டுவந்தார், விரல் நீளத்துக்கு. பழைய ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சி வாளியின் அடியில் ஐந்து ஓட்டை. கருகிய வாடை என் வீடுவரை வந்தது. ஓட்டைகளின் மேல் ஓட்டாஞ்சில்லு. செம்மண், மணல், இரண்டு கை மண்புழு உரம். தண்டுகளைச் செருகினார். வேலை முடிந்தது.

வேரே இல்லாத தண்டு பிழைக்குமா என்று மாடிக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். பிரேசில், அர்ஜென்டினா பக்கத்துச் செடி அது. தண்டிலும் தடித்த இலையிலும் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். சொம்போடு வருகிறவர்கள்தான் அதற்கு ஆகாது.

பங்குனியில் ஒருநாள், காலை பத்து மணிக்கு, வாளி நிறைய ரோஸும் மஞ்சளுமாக விரிந்துவிட்டது. உள்ளே ஓடி மனைவியைக் கையோடு அழைத்து வந்தார். நாற்காலி போட்டு வெயிலிலேயே உட்கார்ந்தார்கள், இரண்டு பேரும்.

மூன்று மணிக்கு மறுபடி வந்தார். ஒரு பூ விடாமல் எல்லாம் மூடிக் கிடந்தன. ஒருநாள் பூ, பொழுது சாயுமுன்னே சுருங்கிவிடும். அவர் அதை எங்கே கண்டார்? பதறி உள்ளே ஓடி, செருப்புகூடப் போடாமல் சொம்போடு திரும்பி வந்தார். எனக்கு வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

குனிந்தார். ஊற்றவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, கொதிக்கும் தரையில் நின்றிருந்த தன் கால்களில் அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.