மவுண்ட் ரோட்டின் வண்ணக்காரர்கள்

எழுபதுகளில் சென்னை மவுண்ட் ரோட்டுக்குப் போனால் படம் பார்ப்பது எங்களுக்கு இரண்டாம்பட்சம்தான். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. கெயிட்டி, காசினோ, சாந்தி, தேவி, ஆனந்த், சபையர் என்று வாசல் வாசலாக அண்ணாந்து பார்த்தபடி நடந்தாலே சாயங்காலம் போய்விடும். ஒவ்வொரு வாசலிலும் மாடி உயரத்துக்கு முகங்கள். எம்.ஜி.ஆருக்கு ரோஜா நிறக் கன்னம், வில்லனுக்குப் பச்சையும் ஊதாவும் கலந்த நெற்றி. இயற்கையில் அப்படி யாருக்கும் நிறம் கிடையாது. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்ததுமே இன்னார் நல்லவர், இன்னார் கெட்டவர் என்று தெரிந்துவிடும்.

அந்த முகங்கள் உருவாவதைப் பார்ப்பது அதைவிடப் பெரிய சுகம். ராயப்பேட்டை, புதுப்பேட்டைச் சந்துகளில் பேனர் கம்பெனிகள் இருந்தன. கொட்டகைக்குள் அடங்காத துணி தெருவுக்கு வந்துவிடும். காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளை பூசிக் காயவைத்திருப்பார்கள். ஸ்டில் போட்டோவின் மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கட்டங்கள்; அதே கட்டங்கள் துணியில் பெரிதாக. கரித்துண்டால் ஓவியர் கோடு இழுக்கும்போது அது மூக்கா, முழங்கையா என்று எங்களுக்குப் பிடிபடாது. பிறகு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் வரும். சிலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பட்டைக் கத்தியால் அப்பி இழுப்பார்கள். அந்த எண்ணெய் வாடை தெருமுனையிலேயே மூக்கில் ஏறும்.

பார்ப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்க மாட்டார்கள். டீ கிளாஸோடு நிற்கும் ரிக்‌ஷாக்காரர், "வாத்தியார் தாடைக்குழிய விட்டுட்டியேண்ணே!" என்பார். ஏணியில் நிற்பவர் திரும்பாமலே, "இருப்பா, வருது" என்பார். ஒரே ஒரு கருஞ்சிவப்பு இழுப்பு. குழி விழுந்துவிடும். சுற்றி நின்றவர்கள் கைதட்டுவார்கள். ஓவியத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான். அதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த கேலரியிலும் இன்றுவரை கேட்டதில்லை.

கட் அவுட் என்றால் ராத்திரி வேலை. துண்டு துண்டாக வரைந்த ஆளை மீன்பாடி வண்டியில் ஏற்றிவருவார்கள். சவுக்குக் கழியில் சாரம் தயாராக நிற்கும். முதலில் பூட்ஸ், பிறகு இடுப்பு, மார்பு என்று கயிற்றில் ஏறும். சட்டையில் ஒட்டிய ஜிகினா தெருவிளக்கில் மினுங்கும். தலை ஏறி கழுத்தில் பொருந்தும் அந்த நொடியில் பறக்கும் விசில், மறுநாள் முதல் காட்சியில் பறக்கும் விசிலுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

கூட்டத்தின் முன் வரைவது வேறு ஊரில் கலையாகவே மதிக்கப்பட்டது. 1956-இல் பாரிஸில் ழார்ஜ் மத்தியூ என்ற ஓவியர், நாடக மேடையில் ஏறி, கூட்டத்தின் கண்ணெதிரே 12 மீட்டர் நீளத் துணியில் வண்ணத்தைப் பீய்ச்சி வரைந்தார். கலை வரலாறு அதைக் குறித்துவைத்துக்கொண்டது. அடுத்த வருஷமே, 1957-இல், புதுப்பேட்டை சித்ரா தியேட்டரில் 'வணங்காமுடி' படத்துக்காக மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் கம்பெனி சிவாஜிக்கு 80 அடி உயரக் கட் அவுட் நிறுத்தியது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. இதை மட்டும் ஏன் விளம்பரக் கணக்கில் எழுதினோம்? பம்பாயில் சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்த எம்.எஃப். ஹுசேனை உலகம் பிறகு கொண்டாடியது. நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மூலையில் கம்பெனி பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது. கட்டம் போடுவது, எழுத்து, உடை என்று படிப்படியாக ஏறி, முகத்தில் கைவைக்க ஒரு பையனுக்குப் பல வருஷம் ஆகும். அத்தனை பயிற்சியில் பிறந்த முகத்தின் ஆயுள், படம் ஓடும் வரைதான். படம் தூக்கியதும் அதே துணியில் வெள்ளை பூசி அடுத்த நாயகன். நைந்து போனால் குடிசைக் கூரைக்கு மழை மறைப்பு.

பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. கணினியில் அழுத்தினால் காலையில் கேட்டது மாலையில் கைக்கு வந்தது. 2008 வாக்கில் நீதிமன்ற உத்தரவுப்படி நகரத்தின் பெரிய விளம்பரப் பலகைகளும் இறங்கின. ஃபிளெக்ஸை நின்று வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது? அடுத்த ஓரிரு வருஷங்களில் மாநகராட்சி, அண்ணா சாலையாகிவிட்ட அதே மவுண்ட் ரோட்டின் சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளைத் தீட்டப் பழைய பேனர் ஓவியர்களை அழைத்தது. நடைபாதையில் மறுபடி ஏணி, மறுபடி வண்ண டப்பா. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை. இன்று கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் ஓவியங்கள் மாடி மாடியாக ஏறி நிற்பதைப் பார்க்கும்போதும் எனக்கு அந்தச் சந்துகள்தான் நினைவில் ஓடுகின்றன.

அந்தக் கைகளில் சில இன்னும் நம்மோடு இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் சவுக்குச் சாரம் கட்டி, அந்த மூத்தவர்களை அழைத்து, மக்கள் பார்க்கப் பார்க்க ஒரு முழு அளவுக் கட் அவுட் வரையச் சொல்ல வேண்டும். வரைந்து முடித்ததும் அதை அங்கேயே நிரந்தரமாக நிறுத்த வேண்டும். மூலையில் இந்தமுறை ஓவியர்களின் பெயர்கள் இருக்க வேண்டும், கட்டம் போட்ட பையன் பெயர் உட்பட.